பல்லுக்காரர் வீட்டுப் பல்

"பல்லுக்குக் கிளிப் போட்டுக்கலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"இந்த வயசுலயா?"

"வயசு எனக்குத்தானே ஆச்சு, பல்லுக்கு என்ன? அளவெல்லாம் எடுத்தாச்சு. மூணு வாரம் ஆகுது."

இவ்வளவுதான் பேச்சு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமைக் காலை, துவைத்துக் காய்ந்த போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு மனைவி தன் பக்கத்து நுனியை விடாமல் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் "ஓஹோ" என்றான். அவள் நுனியை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பேச்சை அவன் அதற்குப் பிறகு நூறு தடவையாவது மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் உறுத்தியது ஒன்றுதான். ஊருக்கெல்லாம் பல் செய்கிறவன் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது, இவள் யாரிடமோ போய் வாயைத் திறந்திருக்கிறாள்.

அவன் டாக்டர் இல்லை. டாக்டர்களுக்குப் பின்னால் இருக்கிறவன். அவர்கள் நோயாளியின் வாயில் மாவை அமுக்கி எடுத்த அச்சு, ஒரு டப்பாவில் நம்பர் ஒட்டி அவன் வேலை செய்யும் மாடிக் கடைக்கு வரும். அவன் அதில் சுண்ணாம்புக் கலவையை ஊற்றி, இறுகியதும் பிரித்து, ஓரங்களை இழைத்தால் அந்த வாய் அப்படியே மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். அதை வைத்துத்தான் பல் செட்டு, பல்மேல் மாட்டும் தொப்பி, அண்ணத்தில் ஒட்டும் தட்டு எல்லாம். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அக்கம்பக்கத்தில் அவனுக்குப் பெயரே பல்லுக்காரர். ஆளைத் தெருவில் பார்த்தால் தெரியாது, பல்லைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று அவன் பெருமையடித்துக்கொள்வதும் உண்டு.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தவளுக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் முன்னால் தள்ளிக்கொண்டு, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள்போல ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. பேசும்போது மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வாள். சிரிப்பு வந்தால் இடது கை தானாக எழுந்து வாயை மூடிவிடும். மின்சார அலுவலகத்தில் புகார் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. முகம் தெரியாத வேலை என்பதாலேயே அதை விரும்பிக் கேட்டு வாங்கியவள்.

கல்யாணமான முதல் மாதம் ஏதோ சிரிப்பில், விளையாட்டாக அவள் கையைப் பிடித்து விலக்கப் பார்த்தான். இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்: "கடையில பல்லு பார்க்கற கண்ணை, செருப்போட சேர்த்து வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க."

அன்றோடு அவன் வாயைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு வலிக்கும் இடம் அது, தொடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டான். ஆனால் ஆசை அடங்கவில்லை. அவள் தும்மும்போதும், தூக்கத்தில் வாய் லேசாகத் திறந்திருக்கும்போதும் கள்ளத்தனமாகப் பார்த்து வைத்துக்கொள்வான். அவனுக்கு அந்தப் பற்கள் அசிங்கமாகத் தெரிந்ததே இல்லை. கையை எடு, முழுசாகச் சிரி, நான் பார்க்கணும். இந்த ஒரு வேண்டுதலைப் பதினாலு வருஷமாகத் தொண்டைக்குழியிலேயே வைத்திருந்தான். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த வாயை இப்போது மாதம் ஒருதரம், பகல் வெளிச்சம் போன்ற விளக்கைப் போட்டு, இன்னொருவன் நிதானமாகப் பார்க்கிறான்.

கிளிப் டாக்டருக்கு முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். அவர் வேலை இவன் கடைக்குத்தான் வரும் என்பதால், ஆளைப் பார்க்குமுன்பே அவர் கையெழுத்து இவனுக்குப் பழக்கம். முத்து முத்தான கையெழுத்து. முன்பெல்லாம் அதைப் பாராட்டியவன், இப்போது இவ்வளவு அழகாக எழுத நேரம் இருக்கிறவனுக்கு வைத்தியம் பார்க்க ஏது நேரம் என்று முணுமுணுத்தான். அவளுடைய அச்சும் இங்கே வந்திருக்க வேண்டுமே, வந்திருந்தால் என் கண்ணுக்குத் தப்பியிருக்காதே, அப்படியானால் வேறு கடைக்குப் போயிருக்கிறது, அதுவும் அவள் சொல்லித்தான் போயிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டான். அந்த வருத்தம் தனி.

வீட்டில் 'டாக்டர் சொன்னார்' என்ற மந்திரம் ஓதப்பட ஆரம்பித்தது. ஆப்பிளைக் கடிக்கக்கூடாது, வெட்டித்தான் தின்னணும்னு டாக்டர் சொன்னார். கம்பி குத்தினா மெழுகு வைக்கணும்னு டாக்டர் சொன்னார். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் பதினேழு. இத்தனை வருஷத்தில் 'எங்க வீட்டுக்காரர் சொன்னார்' என்று அவள் யாரிடமாவது பதினேழு தடவை சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்.

அதில் ஒன்றுதான் அவனைக் குத்திக் கிழித்தது. பல்லுக்கு நடுவில் இடைவெளி இருப்பது நல்லதாம். இடமில்லாதவர்களுக்குத்தான் பல்லைப் பிடுங்க வேண்டியிருக்குமாம். இவளுக்கு அந்த இடைவெளியிலேயே பற்கள் பின்வாங்கி உட்கார்ந்துகொள்ளுமாம். "நான் எதைப் பார்த்து அழுதேனோ அதுதான் எனக்கு உதவியாம், டாக்டர் சொன்னார்" என்று சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிட்டது. இது அவனுக்குத் தெரியாத சங்கதியா? இருபது வருஷமாகத் தெரியும். அவளிடம் ஒரு நாள் சொல்லியிருந்தால் அந்த மலர்ச்சி அவனுக்கல்லவா கிடைத்திருக்கும். தொடக்கூடாத இடம் என்று ஒதுங்கி நின்றான். அவன் ஒதுங்கிவிட்ட வழியிலேயே இன்னொருவன் உள்ளே போய்விட்டான்.

ஒருமுறை துணைக்குப் போனான். காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் சுவரோடு சுவராக இருந்தன. உள்ளறைக் கதவு பனி படிந்ததுபோன்ற கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு நிழல்கள். சாய்ந்திருந்த நிழல் அவள், குனிந்திருந்த நிழல் டாக்டர். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிப்புத்தான். ஆனால் அதில் எப்போதும் இருக்கும் அடைப்பு இல்லை. கைக்குள் மாட்டிக்கொள்ளாமல் நேராக வெளியே வந்த சிரிப்பு. அவன் கையிலிருந்த பழைய பத்திரிகையை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான், எட்டாக மடிக்க முடியவில்லை.

வெளியே வந்தவள் வாயில் ஒவ்வொரு பல்லின் மேலும் குட்டிக் குட்டியாக ஊதா நிற ரப்பர் வளையங்கள்.

"என்ன கலரு இது?"

"ஒவ்வொரு தடவையும் நமக்குப் புடிச்சதை எடுத்துக்கலாமாம். டாக்டர் ஊதா எடுப்பா இருக்கும்னார்."

அவன் அவளுக்கென்று நிறம் பார்த்து வாங்கிய பொருள் ஒரே ஒரு குடை. அதுவும் கறுப்பு.

பத்து மாதம் போனதும் அவளே கேட்டு, தொலைபேசியிலிருந்து ஜன்னல் வேலைக்கு மாறினாள். எதிரே வந்து நிற்கும் ஜனங்களின் முகம் பார்த்துப் பேசும் வேலை. ஒருநாள் அந்தப் பக்கம் போனவன், ஏதோ விவரம் கேட்பவன்போல வரிசையில் ஆறாவது ஆளாக நின்றான். வரிசையின் முதலில் நின்ற பெரியவர், பக்கத்து வீட்டில் மின்சாரம் இருக்கிறது தன் வீட்டில் மட்டும் இல்லை, மின்சாரத்துக்கும் தனக்கும் என்ன தகராறு என்று கேட்டார். அவள் சிரித்தாள். கம்பியும் ஊதா ரப்பருமாக, மேல்வரிசை முழுக்கத் தெரிய, இரண்டு கையும் மேஜைமேல் இருக்கச் சிரித்தாள். அவன் எட்டிப் பார்த்தான். அவள் கண் அவன்மேல் விழுந்தது. இடது கை விருட்டென்று எழுந்து வாயை மூடியது.

முன்பின் தெரியாத கிழவருக்குக் கிடைத்தது கட்டின புருஷனுக்கு இல்லை. அவன் விவரம் எதுவும் கேட்காமலே வரிசையிலிருந்து நழுவினான்.

வீட்டிலும் அதே கதைதான். அவர்களுடைய பதினொரு வயசு மகளுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். வாலும் அம்மாவும் கண்ணாடி முன் நின்று, அம்மாவின் கிளிப்பில் தினமும் மாற்ற வேண்டிய ரப்பரை மாட்டிக்கொண்டே கெக்கலி கொட்டுவார்கள். அவன் அறைக்குள் காலை வைத்தால் கை எழும்பிவிடும். ஊருக்கெல்லாம் திறந்த கதவு அவனுக்கு மட்டும் சாத்தியே இருந்தது. இன்னொன்றும் கவனித்தான். முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் "இன்னிக்கு என்ன பல்லு வந்துச்சு?" என்று அவள் கேட்பாள். அவனும் கடைக்கு வந்த வாய்களைப் பற்றிக் கைகால் வைத்துக் கதை சொல்லுவான். அந்தக் கேள்வி எப்போதோ நின்றுபோயிருந்தது. கிளிப்புக்குப் பிறகுதான் நின்றது என்று நினைத்து, அந்தப் பழியையும் டாக்டர் தலையில் போட்டான்.

கடையில் மெழுகு வேலை பார்ப்பவனை எல்லாரும் 'மெழுகு' என்றே கூப்பிடுவார்கள். அவன் வாய் சும்மா இருக்காது. "அண்ணே, அண்ணிக்குப் பல்லு நேராக நேராக உங்க மூஞ்சி கோணிக்கிட்டே போகுது. அந்த டாக்டரையே இதுக்கும் ஒரு கிளிப் கேளுங்க" என்றான். இவன் பதிலுக்கு ஒரு முறை முறைத்துவிட்டு இழைக்கும் சக்கரத்தை ஓட்டினான்.

கிளிப் கழற்றும் நாள் ஒரு புதன்கிழமை. அரைநாள் விடுப்புப் போட்டிருக்கிறாள் என்று வாலு சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். நானும் வரட்டுமா என்று கேட்க நினைத்தான். அவன் காலணி மாட்டி முடிப்பதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கடைக்கு டப்பா வந்தது. முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு: 'மேல்வரிசைக்கு ரிடெய்னர். நாளைக் காலைக்குள் வேண்டும். உங்கள் வீட்டு வேலை, பார்த்துச் செய்யுங்கள்.'

என் வீட்டு வேலையைப் பார்த்துச் செய் என்று எனக்குச் சொல்ல நீ யார் என்று பொருமிக்கொண்டே டப்பாவைத் திறந்தான். ரிடெய்னர் என்பது கம்பியும் ரோஸ் நிறத் தட்டுமாகச் சேர்ந்த ஒரு பிடிமானம். கிளிப் கழற்றிய பற்களுக்குப் பழைய இடத்தின் ஞாபகம் போகாது. பிடித்து நிறுத்தாவிட்டால் மெல்ல மெல்லத் திரும்பிப் போய்விடும். கலவை ஊற்றினான். இறுகியதும் பிரித்தான்.

கையில் அவள் பற்கள். ஒன்றோடொன்று தோள் உரசி, பிசிறில்லாமல் ஒரே வளைவில் நின்றன. அவள் வாயில் பார்க்கக் கொடுத்து வைக்காததை அவன் சுண்ணாம்பில் பார்த்தான். இந்த வேலையை இதைவிட நேர்த்தியாக யாரும் செய்திருக்க முடியாது. அது தெரிந்ததால் வயிற்றெரிச்சல் இன்னும் கொழுந்துவிட்டது.

குறட்டில் கம்பியைப் பிடித்து வளைக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. முன்பக்கக் கம்பியை ஒரு மயிரிழை தளர்வாக விட்டால் போதும். யாருக்கும் தெரியாது. டாக்டருக்கும் சட்டென்று தெரியாது. ஆறே மாதத்தில் அண்ணன் தம்பிகள் பழையபடி பிரிந்துவிடுவார்கள். ஜன்னலில் சிரிப்பவள் போய், அவனுடையவள் திரும்பி வந்துவிடுவாள். கம்பி அவன் விரலில் சூடேறியது. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் தெரிந்து ஒரு வேலையைக் கெடுத்ததில்லை.

டப்பாவில் இன்னொன்றும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சௌகரியமாக, கிளிப் போடுவதற்கு முன் எடுத்த பழைய மாதிரியையும் டாக்டர் சேர்த்து அனுப்பியிருந்தார். எந்தக் கடையில் செய்தார்களோ என்ற கடுப்போடு அதைத் திருப்பினான். அடிப்பாகத்தில் நம்பர், தேதி, அதன் கீழே சின்னதாக ஒரு பென்சில் கோடு. இழைத்து முடித்ததும் அவன் மட்டும் போடும் கோடு.

நிமிர்த்தி வைத்துப் பார்த்தான். முன்னால் தள்ளிய நான்கு பற்கள். நடுவில் அகலமான சந்து. அந்த வாயை அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் சொன்னதும் ஞாபகம் வந்தது.

போர்வைப் பேச்சுக்கு மூன்று வாரம் முந்தைய ஒரு சாயங்காலம் அது. இன்னிக்கு என்ன பல்லு என்று அவள்தான் கேட்டாள். அன்றைக்கு அவள் கேட்ட குரலே வேறுமாதிரி இருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. அவன் குஷியாக ஆரம்பித்தான். ஒரு பொம்பளை வாய் வந்துச்சு பாரு, நடுவுல ஒரு பஸ்ஸே போகலாம், போறதென்ன, கண்டக்டர் இறங்கி விசிலடிச்சு ரிவர்ஸே எடுக்கலாம் என்றான். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. சொன்னவன் மறுநாளே மறந்துவிட்டான்.

பல்லைப் பார்த்து ஆளைச் சொல்கிறவன், தன் வீட்டுக்காரி பல்லைக் கையில் வைத்து இழைத்துவிட்டு, யாரோ என்று நினைத்திருக்கிறான். உதட்டோடும் வெட்கத்தோடும் ஒளித்து ஒளித்துப் பார்த்த பல், உதடில்லாமல் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

மெழுகு எட்டிப் பார்த்து ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவன், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான். இவன் மறுபடி கம்பிக் குறட்டைக் கையில் எடுத்தான். கம்பியை நான்கு பற்களின் மேலும் ஒட்ட ஒட்ட வளைத்தான். தட்டை வார்த்தான். மெருகு போட மெழுகிடம் கொடுத்துவிட்டு நாலரை மணிக்கே கிளம்பினான்.

வாலு பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். சமையலறையிலிருந்து 'நறுக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவன் வாசற்படி வரை போய் நின்றான். அவள் திரும்பினாள். ஒரு கையில் வெட்டாத முழு ஆப்பிள். மறு கை அதற்குள் வாய்க்குப் போய்விட்டிருந்தது. ஆப்பிளில் பதிந்திருந்த கடியைத்தான் அவன் கண் முதலில் படித்தது. நடுவில் கோடு விழாத, முழுக்கடி.

"அச்சு வந்துச்சு" என்றான்.

"வரும்னு டாக்டர் சொன்னார்."

"பழசும் சேர்ந்து வந்துச்சு."

அவள் ஆப்பிளை மேடைமேல் வைத்தாள். கை வாயிலிருந்து இறங்கவில்லை.

"நான்தான் இழைச்சிருக்கேன். என் பென்சில் கோடு இருக்கு. எங்க கடைக்குத்தான் வரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா அவர்கிட்ட போனேன்? கிளிப் போடற டாக்டர் இந்த ஊர்ல நாலு பேர் இருக்காங்க. உங்க கடைக்கு யார் வேலை கொடுக்கறாங்கன்னு உங்க வாயாலயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனேன்." கைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் நடுங்கவில்லை. புகார் பிரிவுக் குரல். "நேருக்கு நேர் காட்ட எனக்கு தைரியம் வரல. சரி, உங்க கைக்குப் போகட்டும், நீங்களே கண்டுபிடிச்சு வந்து ஏதாவது சொல்லுவீங்கன்னு அன்னிக்கு முழுக்க வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"நான் பஸ் விட்டேன்."

"பஸ் மட்டுமா? கண்டக்டரோட விட்டீங்க."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "உன்னோடதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

"அதுதாங்க தாங்கல எனக்கு. கிண்டல் பண்ணினதுகூட இல்ல."

"காட்டியிருந்தாத்தானே தெரியும்?"

"கேட்டிருந்தாத்தானே காட்டுவாங்க?" என்றாள் அவள். "அப்புறம் போர்வை மடிக்கும்போது கூட ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். அளவெடுத்து மூணு வாரம்னு சொன்னேன். நீங்க ஓஹோன்னீங்க."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒன்றையும் மிச்சம் வைக்கக்கூடாது என்று தோன்றியது. டாக்டர்மேல் தனக்கு எப்பேர்ப்பட்ட வயிற்றெரிச்சல் என்று சொன்னான். அதெல்லாம் தெரியும், டாக்டர் பேரைச் சொன்னா அப்பா டம்ளரை டொக்குன்னு வைக்கறார்னு வாலு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கா என்றாள். ஜன்னலுக்கு எதிரே வரிசையில் நின்றதைச் சொன்னான். அந்தக் கிழவர்மேலுமா என்று கேட்டாள். அவர்மேல்தான் அதிகம் என்றான். கடைசியில், கம்பியைத் தளர்வாக வளைத்துவிடலாமா என்று இன்றைக்கு நினைத்ததையும் சொல்லிவிட்டான்.

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்கள்.

"வளைச்சீங்களா?"

"இல்ல. கச்சிதமா பண்ணி வச்சுட்டு வந்திருக்கேன். ஒண்ணும் நகராது."

"நினைச்சதை ஏன் சொல்றீங்க?"

"எங்கிட்ட மட்டும் நீ கையை எடுக்கலை. அது ஏன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. அதான் நானும் எதையும் மூடி வைக்கல."

விரல்களுக்கு மேலே அவள் கண்கள் அவனையே பார்த்தன. அவன் எழுந்து அவளுக்கு எதிரே போய் நின்றான். முதல் மாதம் செய்ததுபோல அந்தக் கையைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சிரிக்கக்கூட வேண்டாம்" என்றான். "கல்யாணம் ஆனதிலேருந்து கேக்கணும்னு இருக்கேன். அந்தக் கையைக் கொஞ்சம் எடும்மா. நான் பார்க்கணும்."